இடப்பக்கம் சத்தம் குறைவு

அப்படித்தான் போனில் சொன்னார்
டிக்கோயா டீமேக்கர் அருளாந்து.
துண்டுச்சீட்டில் நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.
ஹட்டனிலிருந்து பஸ். ஜன்னல் மூடாது, மழை.
மடியில் மீட்டர், ஸ்பிரிட் போத்தல்,
தேய்ந்த பல் பிரஷ், ரப்பர் வைத்த பென்சில்.

மேசைமேல் ஆம்ப். நான்கு வால்வுகள்
கொழும்பிலிருந்து தபாலில் வந்தவை,
இருபத்தாறாயிரம் ரூபாய், வாங்கி இரண்டு மாதம்.
பழைய நான்கும் பிஸ்கட் டின்னில்
பஞ்சுக்குள் படுத்திருந்தன.
"அதுகளும் இடப்பக்கம்தான் குறைச்சல்" என்றார்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றினேன்.
கழற்றிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்
போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.
மீட்டர் முள் படுக்கும்வரை
ஒரு கை ஸ்வெட்டர் பைக்குள்ளேயே.
இரண்டு கையும் உள்ளே போனால்
நெஞ்சு வழியாகப் பாதை போட்டுவிடும் மின்சாரம்.
பிளேன்டீ வந்தது.
கொண்டுவந்த செபமாலை அக்கா
நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்
அவருடைய வலப்பக்கம் நின்றார்.

சூடு ஆறியதும் பிடுங்கினேன்,
மெல்ல அசைத்து, நேராக மேலே.
கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப்பூச்சு பார்த்தேன்.
அது பால்போல வெளுத்தால் காற்று புகுந்துவிட்டது.
உள்ளே ஒன்றுமே இல்லாதவரைதான்
இதற்கு உயிர்.
நான்கும் மின்னின.
ஊசிக்கால்களில் மட்டும் லேசான மங்கல்;
இந்த ஊர் ஈரம்
எதையும் ரொம்ப நாள் புதிதாக இருக்க விடாது.
துடைத்தேன், சாக்கெட்டைத் தேய்த்தேன்,
திரும்பப் போட்டு, செஞ்சூடு ஏறியதும்
பென்சில் ரப்பரால் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
எதுவும் கிணுங்கவில்லை.

மறுபடி அணைத்து, மறுபடி காத்திருந்து,
இந்தத் தொழிலின் எளிய தந்திரம்:
இடத்தில் இருப்பதை வலத்தில் போடு,
வலத்தில் இருப்பதை இடத்தில்.
குறை கூடவே போனால் வால்வுதான் கள்ளன்.

கிளாரினெட் தட்டு ஒன்று வைத்தார். கண்மூடினார்.
"இன்னும் இடம்தான்."
ஸ்பீக்கர் வயரை மாற்றினேன்.
"இடம்தான்."
ஸ்பீக்கர்களையே தூக்கி மாற்றினேன்,
அந்தக் கனம் என் முதுகுக்குத் தெரியும்.
"அங்கேயேதான் நிக்குது, பிள்ளை."
எனக்கோ இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

சொல்லாமல் விடலாம்.
கூலியை வாங்கிக்கொண்டு நாலரை பஸ்ஸைப் பிடிக்கலாம்.
இன்னும் நான்கு வால்வு வாங்கச் சொன்னால்
அதையும் வாங்குவார்.

"ஐயா, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க.
சுவரைப் பாத்து."

உட்கார்ந்தார்.
மிருதங்கம் ஒரு சுற்று வந்து போனது.
அவர் கை எழுந்து, தயங்கி,
ஜன்னலோரத்து ஸ்பீக்கரைக் காட்டியது,
இதுவரை நல்லது என்று சொன்ன அதே பக்கத்தை.

"ரோலர் ரூமில முப்பத்தொரு வருஷம்" என்றார்
சுவரிடம்.
"மெஷின் எனக்கு இந்தப் பக்கம்."

செபமாலை அக்கா கோப்பையை எடுத்தார்.
"கோயில்ல, பஸ்ல, கட்டில்ல,
நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு
ஒருநாளாச்சும் பாத்தீங்களா?"

நாற்காலியைப் பழையபடி திருப்பினேன்.
பேலன்ஸ் குமிழை இடது பக்கம் நகர்த்தினேன்,
பன்னிரண்டிலிருந்து பத்துக்கு.
அவர் முகம் நடுவில் வந்து நின்றது.
"இப்ப எனக்கு ஒரு பக்கமா கத்துது" என்றார் அக்கா.
"பொறுத்துக்க" என்றார் அவர்.

துண்டுச்சீட்டில் எழுதினேன்:
வால்வுகள் நலம், பழையவையும்.
மிச்சத்தை எழுதவில்லை.
டின்னை நீட்டினார்; வைத்துக்கொள்ளுங்கள்,
இன்னும் ஐந்து வருஷம் எரியும் என்றேன்.

வாசலில் குடை விரிக்கும்போது பார்த்தேன்:
அக்கா ஸ்டூலை இழுத்துப்போய்
அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்து
எதையோ சொன்னார், நீளமாக.

"என்ன?" என்றார்.

அவர் திரும்பச் சொல்லவில்லை.
தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.